கையில் கனத்த மதர்போர்டு

வாஷர் சார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டபோது, சோப்பின் மேல்தான் பழி போட்டார். அந்த வீட்டில் சோப்பு மட்டும்தான் திருப்பிப் பேசாது.

அறுவை சிகிச்சை முடிந்து அவர் வீட்டுக்கு வந்ததும் என்னை வேலைக்கு வைத்தார்கள். நோயாளிகளை வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்வது என் தொழில். முறையாகப் பயிற்சி எடுத்தவள். நர்ஸ் இல்லை. அதை முதல் நாளே சொன்னேன். அவரும் "சரிங்க நர்சம்மா" என்று ஏற்றுக்கொண்டார்.

குளியலறையைப் பார்த்ததும் எனக்குச் சோப்பின் மேல் இருந்த சந்தேகம் போய்விட்டது. கழிப்பறை இருக்கைக்குப் பக்கத்துச் சுவரில் வாய் பிளந்த ஓட்டைகள். கீழே ஒரு மூலையில் லாரியின் கதவுக் கைப்பிடி கிடந்தது. அதனுடன் ஒரு கை நிறைய வாஷர்கள். லாரிக் கதவுக்காகச் செய்த கைப்பிடியைச் சுவருக்குத் தோதாக அரத்தால் தேய்த்து, இடைவெளிக்கு வாஷர் அடுக்கி, முடுக்கி, அதைப் பிடித்து எழுந்திருக்கிறார். கைப்பிடி அவரோடு வந்துவிட்டது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கைப்பிடியை எடுத்து அவருடைய கருவிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். பெட்டியும் அந்த வேலை நடந்த நாளிலிருந்து குளியலறை அலமாரியில்தான் இருந்தது.

ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். லாரி கம்பெனி ஒன்றில் உதிரிபாகக் கிடங்கின் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதில் சேர்ந்து தலை நரைத்த பிறகு வெளியே வந்தார். கவுண்டரில் யாராவது பார்ட் நம்பர் எழுதாமல் வந்து நின்றால், "நம்பர் இல்லாம என் முன்னாடி நிக்காதே, போய்ப் பார்த்து எழுதிட்டு வா" என்று துரத்துவார். டிரைவர் வண்டிக்கடியில் படுத்து, கரி பூசிக்கொண்டு, நம்பரை எழுதி வருவான். அதை வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, "இது ஸ்டாக்ல இல்ல, இதை எடுத்துட்டுப் போ, ரெண்டு தேய் தேய்ச்சு ஒரு வாஷர் போட்டா உக்காந்துக்கும்" என்று வேறு எதையாவது கொடுப்பார். வாஷர் சார் என்ற பெயர் அப்படி வந்தது. அவர் கைவைத்த லாரி ஒன்றின் முன்விளக்கு கடைசிவரை ரோட்டைப் பார்க்காமல் ஓரத்து மரங்களையே பார்த்தபடி ஓடியது என்று அவரே பெருமையாகச் சொன்னார். வண்டி நிற்கவில்லை அல்லவா, அதுதான் முக்கியம்.

வீட்டிலும் அதே நிர்வாகம்தான். காலஞ்சென்ற மனைவியின் மூக்குக்கண்ணாடிக்கு வேறொரு கண்ணாடியின் காது. மகளின் சைக்கிளுக்கு வேறு எதன் பெடலோ. "நான் நேரா மிதிச்சாலும் அது இடது பக்கமே போகும். ஸ்கூலே இடது பக்கம் இருந்ததால தப்பிச்சேன்" என்று மகள் சொன்னாள். அவள் அம்மாவுக்கும் வாய் கொஞ்சம் நீளம்தான் போலிருக்கிறது. "உங்கப்பா என்னையும் ரெண்டு தேய் தேய்ச்சு, ஒரு வாஷர் போட்டுத்தான் இந்த வீட்ல பொருத்தினாரு" என்பாராம்.

மகள் வேறு ஊரில் வங்கி மேலாளர். அவள் முன்னால் ஒரு கிளையே எழுந்து நிற்கும். அப்பாவுக்கு மட்டும் அவள் இன்னும் பாப்பாதான். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். ஒரு ஞாயிறு, அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, நர்சம்மா அடுத்த வாரத்தோட கிளம்புறாங்க. அதுக்கப்புறம் நீங்க தனியா இருக்க வேணாம். ஒரு முதியோர் இல்லம் பார்த்து வச்சிருக்கேன். நல்ல இடம். தோட்டமெல்லாம் இருக்கு."

"தோட்டத்துல எனக்கென்ன வேலை? நான் என்ன செடியா?"

"விழுந்தா தூக்கிவிட ஆள் வேணும்பா."

"ஒரு தடவை சோப்பு வழுக்கிருச்சு. அதுக்கு ஜெயில் தண்டனையா?"

"உங்களை தினமும் யார் பார்க்கிறது?"

"நீயே பாரு. கம்ப்யூட்டர்ல மூஞ்சியைப் பார்த்துப் பேசலாமாமே. மாப்பிள்ளை பழைய மெஷினைக் கழட்டினப்போ கொடுத்த சாமானெல்லாம் அட்டைப்பெட்டியில அப்படியே இருக்கு. எல்லாத்தையும் மாட்டுற மதர்போர்டு ஒண்ணுதான் வாங்கணும். அடுத்த ஞாயிறு நீ வரும்போது நானே என் கையால பொருத்தி ஓட விட்டுக் காட்டுறேன். ஓடுச்சுன்னா தோட்டம் பேச்சை எடுக்கக் கூடாது."

மகள் என்னைப் பார்த்தாள். நான் அவர் மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். "சரி, ஓடலைன்னா என்கூடக் கிளம்பணும்" என்றாள் அவள். ஆக, ஒரு மனிதன் தன் வீட்டில் இருப்பதா வேண்டாமா என்பதை ஒரு மதர்போர்டு தீர்மானிக்கப் போகிறது. குடும்பங்கள் பெரிய முடிவுகளை இப்படித்தான் எடுக்கின்றன. நான் பார்த்த வீடுகளில் இது புத்திசாலித்தனமான வகையைச் சேர்ந்தது.

மறுநாளே கடைக்குப் போனோம். அவர் வாக்கரைத் தள்ளிக்கொண்டு முன்னால், நான் பின்னால். கணினிக் கடை சின்னது. கண்ணாடி அலமாரிக்குள் அட்டைப்பெட்டிகள் கூரைவரை. கடைக்காரர் நடுத்தர வயது. கழுத்தில் பூதக்கண்ணாடியை மாலை மாதிரி தொங்க விட்டிருந்தார்.

"மதர்போர்டு ஒண்ணு காட்டுப்பா, நல்லதா."

"ப்ராசஸர் என்ன மாடல் சார்?"

"அது வீட்ல இருக்கு."

"மாடல் சொன்னாத்தான் சார் போர்டு எடுக்க முடியும். போர்டுல ப்ராசஸர் உக்கார்ற சாக்கெட் ஒவ்வொண்ணுக்கும் வேற வேற. மெமரி எந்த வகைன்னும் தெரியணும். அப்புறம் கேபினெட் சைஸ். இதெல்லாம் ஒண்ணுக்கொண்ணு பொருந்தணும் சார்."

"பொருந்துறதைப் பத்தி நீ எனக்குச் சொல்றியா?" வாஷர் சார் வாக்கரை விட்டுவிட்டு நிமிர்ந்தார். நான் இடுப்புக்குப் பின்னால் கை கொடுத்தேன். "நான் ஸ்பேர் பார்ட்ஸ்லயே பிறந்தவன். நீ எடுத்துப் போடு, நான் பார்த்துக்கிறேன்."

கடைக்காரர் எடுத்துப் போட்டார். வாஷர் சார் ஒவ்வொன்றையும் வாங்கி உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் அசைத்து எடை பார்த்தார். விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். பிரேக் டிரம் வாங்குகிறவர் செய்ய வேண்டியதெல்லாம் செய்தார். மெல்லியதாக இருந்தவற்றை, "இது என்ன, விசிறி மட்டையா?" என்று தள்ளினார். கடைசியில் ஒரு பெரிய போர்டு வந்தது. அங்கங்கே கறுப்பு உலோகக் கட்டிகள். விலையைச் சொன்னதும் எனக்கே இடுப்பு பிடித்துக்கொண்டது.

"இதுதான் சாமான். கனம் பாருங்க நர்சம்மா, கனம்."

பார்த்தேன். கனமாகத்தான் இருந்தது. அம்மிக்கல்லும் கனமாகத்தான் இருக்கும்.

கடைக்காரர் கடைசியாக ஒரு முறை முயன்றார். "சார், இது புது மாடல். உங்க ப்ராசஸர் பழசுன்னா சேராது. சாக்கெட்டுக்குள்ள தலைமுடி மாதிரி கம்பிங்க இருக்கும். அதுல ஒண்ணு வளைஞ்சா நான் திரும்ப எடுத்துக்க மாட்டேன்."

"எவன் திருப்பித் தர வரப்போறான்?" என்றார் வாஷர் சார்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசை பட்டறையானது. முதலில் கேபினெட். மாப்பிள்ளை கொடுத்தது சின்னப் பெட்டி. வாங்கி வந்த போர்டு அதற்குள் போகவில்லை. உள்ளே இருந்த ஒரு தகரத் தட்டில் இடித்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது, ஆட்டம் முதல் ஓவரிலேயே முடிந்தது என்று. அவருக்கோ முகத்தில் விழா. குளியலறையிலிருந்து கருவிப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார்.

"நடக்கிறது உங்களுக்கு நல்லது சார். நீங்களே போய் எடுத்துக்கோங்க" என்றேன். நோயாளி செய்யக்கூடியதை நோயாளியே செய்ய வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த பாடம் அது. பெட்டி முழுதும் தூக்க முடியாததால், வேண்டியதை மட்டும் வாக்கரில் தொங்கிய பையில் போட்டு எடுத்து வந்தார்.

ரம்பத்தால் அறுத்தார். இரண்டு நாள் அறுத்தார். தகரத் தட்டு போயிற்று, பக்கவாட்டில் ஒரு சன்னல் அளவு தகடும் கூடவே போயிற்று. போர்டு உள்ளே போனது. திருகாணிக்கு அடியில் தாங்கல் இல்லாத இடங்களில் ரப்பர் வாஷர்களை அடுக்கினார். வீடெல்லாம் இரும்புத் தூள். பெருக்கிப் பெருக்கி என் துடைப்பமே மின்னியது.

"பார்த்தீங்களா? கேபினெட் சைஸ் பொருந்தணுமாம்! யார்கிட்ட?"

"ரொம்ப நல்லாப் பொருந்தியிருக்கு சார். அந்த ஓட்டை எதுக்கு?"

"காத்தோட்டத்துக்கு."

சனிக்கிழமை சாயங்காலம் மெமரியை எடுத்தார். சீப்பு மாதிரி ஒரு குச்சி. அதன் விளிம்பில் ஒரு வெட்டு. போர்டில் அது உட்கார வேண்டிய பள்ளத்தில் ஒரு மேடு. வெட்டும் மேடும் ஒரு மயிரிழை தள்ளி நின்றன. அழுத்திப் பார்த்தார். அது அசையவில்லை.

"இருக்கட்டும், இதை அப்புறம் தேய்ச்சுக்கலாம்" என்று ஓரமாக வைத்துவிட்டு ப்ராசஸருக்கு வந்தார். சதுரமான சின்னச் சில்லு. சாக்கெட்டின் மூடியைத் தூக்கி, சில்லை அதற்குள் மெதுவாக வைத்தார். அளவு அச்சு அசல் ஒன்றுதான். ஆனால் சில்லின் விளிம்பில் இருந்த சிறு வெட்டுகள் ஒரு பக்கம், சாக்கெட்டில் அவற்றுக்கான புடைப்புகள் வேறு பக்கம். திருப்பி வைத்தார். மறுபடி திருப்பினார். சதுரத்துக்கு இருக்கும் எல்லாப் பக்கத்தையும் பார்த்தாயிற்று.

"இதுல ஒரு நூல் தேய்ச்சா இறங்கிரும்" என்றார். குரலில் முன்பு இருந்த விழா இல்லை. "இந்தப் பெரிய அரம் ஆகாது. ஊசி அரம் வேணும். நர்சம்மா, அதை..."

"நடந்தா நல்லது சார்."

முறைத்துவிட்டுப் போனார். குளியலறைக்குள் வாக்கர் போன சத்தம் கேட்டது. பெட்டி திறக்கும் சத்தமும் கேட்டது. அப்புறம் ஒன்றுமில்லை. என் தொழிலில், சத்தம் கேட்டால் ஓட வேண்டும். சத்தமே இல்லாவிட்டால் இன்னும் வேகமாக ஓட வேண்டும்.

போனேன். விழவில்லை. நான் போட்டு வைத்திருந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் ஊசி அரம். மறு கையில் அந்த லாரிக் கைப்பிடி.

"என்ன சார் பண்றீங்க?"

"பார்த்துட்டிருக்கேன்."

"எதை?"

"ஓட்டையை."

சுவரைப் பார்த்தபடிதான் சொன்னார். நான் அங்கேயே நின்றேன். ஆறுதல் சொல்வதற்கு எனக்குச் சம்பளம் இல்லை, அதோடு அதில் எனக்குப் பயிற்சியும் போதாது.

"இதுவும் இறங்கத்தான் இறங்குச்சு நர்சம்மா. கச்சிதமா உக்காந்துச்சு. புடிச்சு ஆட்டிப் பார்த்தேன், அசையல." கைப்பிடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நின்னுது, ஆனா தாங்கல" என்றார்.

"ஈரத்துல ரொம்ப நேரம் உக்காராதீங்க. எழுந்திரிங்க."

எழுந்தார். அரத்தைப் பெட்டிக்குள் திரும்பப் போட்டுவிட்டு வெறுங்கையோடு வந்து மேசை முன் உட்கார்ந்தார். பில்லிலிருந்த கடைக்காரரின் எண்ணை என்னிடம் கேட்டு வாங்கினார். போனை எல்லாரும் கேட்கும்படி மேசையில் வைத்துத்தான் பேசுவார். அதனால் நான் ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

"யாருப்பா, கடையா? கனமான போர்டு வாங்கிட்டு வந்தேனே..."

"வாக்கரோட வந்த சாரா? சொல்லுங்க சார். சேரலையா?"

"சேரல."

"ப்ராசஸர் மேல எழுத்து இருக்கும் பாருங்க, அதைப் படிங்க சார்."

வாஷர் சார் கண்ணாடியை மாற்றினார். விளக்கைப் பக்கத்தில் இழுத்தார். சில்லைச் சாய்த்துப் பிடித்து, ஒவ்வோர் எழுத்தாக, ஒவ்வோர் எண்ணாகப் படித்தார். பாதியில் நிறுத்தினார். தன் கவுண்டருக்கு முன்னால் கரி பூசிய முகத்தோடு நின்ற டிரைவர் எவனாவது நினைவுக்கு வந்திருக்கலாம். வந்திருந்தால் நல்லது.

"சார், இது முந்தின தலைமுறை. நீங்க வாங்கினது அடுத்தது. ஜென்மத்துக்கும் சேராது. மெமரியும் பழசுதான் இருக்கும். அழுத்தினீங்களா? அரம் கிரம் ஏதாவது..."

"தொடல" என்றார். எனக்கு ஒரு பார்வை. நான் கேபினெட்டைப் பார்த்தேன். அவர் அதைப் பார்க்கவில்லை.

"கம்பி வளையாம இருந்தா திங்கக்கிழமை கொண்டாங்க சார், மாத்திப் பார்ப்போம். நாளைக்குக் கடை லீவு."

நாளைக்குத்தான் மகள் வருகிறாள்.

அவர் போர்டைக் கழற்றி அதன் பைக்குள் வைத்து, பெட்டியில் போட்டு மூடினார். "திங்கட்கிழமை வரச் சொல்லலாமே சார், மகளை?" என்றேன். "வேணாம்" என்றார்.

ஞாயிறு காலை மகள் வந்தாள். மேசைமேல் பக்கம் அறுபட்ட கேபினெட், மூடிய பெட்டி, தனியாக ஒரு சில்லு.

"கம்ப்யூட்டர் எங்கப்பா?"

"பொருந்தல."

"சரி. தேய்ச்சுப் பார்த்தீங்களா?"

"இல்ல."

அவள் என் பக்கம் திரும்பினாள். "நர்சம்மா, காய்ச்சல் ஏதாவது இருக்கா இவருக்கு?"

"காலையில பார்த்தேன். இல்லம்மா."

"பாப்பா, உக்காரு" என்றார் வாஷர் சார். "போர்டு தப்பா வாங்கிட்டேன். கடைக்காரன் கேட்டான், நான்தான் சொல்லல. இன்னொண்ணு. அன்னைக்குச் சோப்பு வழுக்கல. நான் மாட்டின கைப்பிடி புடுங்கிருச்சு."

மகள் எழுந்து குளியலறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் அந்தக் கைப்பிடி இருந்தது. கண் சிவந்திருந்தது, குரல் அதைவிட.

"லாரிக் கைப்பிடியாப்பா? கடையில குளியலறைக்குன்னே விக்கிறாங்களேப்பா!"

"அதெல்லாம் கனமே இல்ல."

"கனமே இல்லையா!" அவள் கைப்பிடியை மேசையில் வைத்தாள். வைத்தாள் என்று எழுதுவது மரியாதைக்காக. "நர்சம்மா, நீங்க சொல்லுங்க. இவர் தனியா இருக்கலாமா? எனக்கு உண்மை வேணும்."

எனக்கு வேலை கொடுத்தது அவள்தான். அறிக்கையும் அவளுக்குத்தான்.

"நடை தேறிடுச்சு. வாக்கர் போய்க் கைத்தடிக்கு வந்துடலாம். மாத்திரை அவரே எடுத்துக்கிறார். வாய் எப்பவும் நல்லாத்தான் வேலை செய்யுது. விழுந்த காரணம் சோப்புன்னு சொல்லிட்டிருந்த வரைக்கும் நான் இருக்கலாம்னு சொல்லியிருக்க மாட்டேன். இப்ப சொல்றேன், இருக்கலாம். ஆனா குளியலறைக்கு முறையான கைப்பிடி வாங்கி, ஒரு கொத்தனாரை வச்சு மாட்டணும். அவர் மாட்டும்போது சார் பக்கத்துல நிக்கக் கூடாது."

"நிக்கிறதுல என்ன..." என்று ஆரம்பித்தார் வாஷர் சார்.

"அப்பா."

"நிக்கல."

மகள் மறுபடி குளியலறைக்குப் போனாள். கருவிப் பெட்டியைத் திறந்து அரங்களை ஒன்றுவிடாமல் எடுத்துத் தன் பையில் போட்டாள். ஊசி அரத்தை மட்டுமாவது விடும்படி அவர் கேட்டுப் பார்த்தார். கடன் கேட்டு வந்தவரைப் பார்ப்பது போலப் பார்த்தாள். வாஷர் டப்பாவைத் தொடவில்லை. அது அவர் பெயராயிற்றே என்று விட்டாளோ என்னவோ. தோட்டமுள்ள இல்லத்துக்குப் போன் செய்து, இப்போதைக்கு வேண்டாம் என்றாள்.

திங்கட்கிழமை, கிளம்புவதற்கு முன் அவரோடு நானும் கடைக்குப் போனேன். கடைக்காரர் பூதக்கண்ணாடியைச் சாக்கெட்டின் மேல் வைத்து வெகுநேரம் பார்த்தார். "ஒரு கம்பிகூட வளையல. வாங்கிட்டுப் போன வேகத்துக்கு இது அதிசயம் சார்" என்று சொல்லிவிட்டு, பழைய சரக்கிலிருந்து ஒரு சின்னப் போர்டைத் தேடி எடுத்தார். சில்லின் எண்ணையும் மெமரியின் எண்ணையும் இரண்டு முறை ஒப்பிட்டார். சாக்கெட் சேர்ந்தால் மட்டும் போதாதாம், அந்தச் சில்லை இந்தப் போர்டுக்கு அடையாளம் தெரிய வேண்டுமாம். அதற்கும் உள்ளே ஒரு புரோகிராமாம். அதையும் சரிபார்த்துக் கொடுத்தார். வாஷர் சார் போர்டை உள்ளங்கையில் வைத்தார். அசைக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார். முகம் மட்டும் விசிறி மட்டையை வாங்கியவர் முகம்.

அன்று மதியமே எல்லாம் உட்கார்ந்தன. ஒன்றையும் அழுத்த வேண்டியிருக்கவில்லை. போர்டு அந்தச் சின்னக் கேபினெட்டுக்கென்றே செய்தது போல இருந்தது. கேபினெட்தான் இப்போது கேபினெட்டாக இல்லை. மகள் முதன்முறை அழைத்தபோது அவருடைய நெற்றி மட்டும் தெரிந்ததாம். நெற்றி நன்றாக இருக்கிறது என்று எனக்குச் சொன்னாள்.

நான் இப்போது வேறு வீட்டில், வேறு இடுப்போடு இருக்கிறேன். போன வாரம் வாஷர் சார் போன் செய்தார். கொத்தனார் மாட்டிய கைப்பிடியில் தொங்கிப் பார்த்தாராம், அசையவில்லையாம். தொங்க வேண்டாம், பிடித்தால் போதும் என்றேன். பிறகு விஷயத்துக்கு வந்தார். கேபினெட்டில் இருக்கும் ஓட்டை வழியாகப் பல்லி போய்வருகிறதாம். அதை அடைக்க ஒரு தகடு வாங்கப் போகிறாராம். நல்ல கனமான தகடு.

"ஓட்டையை அளவு எடுத்தீங்களா சார்?"

மறுமுனையில் ஏதோ டப்பா மூடும் சத்தம்.

"இருங்க" என்றார். "டேப் எடுத்துட்டு வரேன்."

போனை வைக்காமலே போனார். கைத்தடி தரையில் தட்டும் சத்தம் தூரமாகப் போய், நின்று, திரும்பி வந்தது. நடை ஒழுங்காகத்தான் இருந்தது.